பதிமூன்று வயதுப் பூனைக்குச் சுகர்: வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா?

குட்டி என்று பெயர், வயது பதிமூன்று. ஆறு கிலோவுக்கு மேல் இருந்தவன் இப்போது நாலே முக்கால். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை, அவன் ஒன்றுக்குப் போகும் மண் தட்டு ஒரே நாளில் நனைந்து கட்டியாகிவிடுகிறது. டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து சர்க்கரை 24 என்று சொல்லி, கேனின்சுலின் என்ற பிராணிகளுக்கான இன்சுலினை நாளுக்கு இரண்டு வேளை போடச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டது மூன்று: அத்தைக்கும் சுகர் இருப்பதால் ஃபிரிட்ஜில் இருக்கும் அவருடைய இன்சுலினையும் அவர் சர்க்கரை பார்க்கும் மெஷினையும் பயன்படுத்தலாமா, இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்குமா, டிசம்பரில் திருச்சிக்குப் போகும்போது என்ன செய்வது. ஆனால் கடைசி வரியில், ‘தூங்க வைத்துவிடுவதே மேல் என்று இவர் சொல்கிறார்’ என்று, அதாவது வலியில்லாமல் உயிரை முடித்துவிடலாம் என்று உங்கள் கணவர் சொல்வதாக, எழுதியிருக்கிறீர்களே, மூன்று கேள்வியும் அந்த ஒரு வரிக்காகத்தான் கேட்டமாதிரி இருக்கிறது. தினம் இரண்டு தடவை குத்துவது கொடுமையா, அதை என்னால் செய்ய முடியுமா என்பதுதானே உண்மையான கேள்வி?

முடியும். கொடுமையும் இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் சொல்லலாம். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன், இப்போது பல வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் நாய் பூனைகளைத்தான் பார்க்கிறேன். (வேப்பேரியில் எங்களுக்குப் பசுவும் எருமையும்தான் பாடம், பூனை ஓரமாக வந்துபோன விருந்தாளி. பூனையை நான் கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே வந்துதான்.) குட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் டோஸ் எவ்வளவு என்று இங்கே சொல்லமாட்டேன், அது உங்கள் டாக்டர் வேலை. மற்றதை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் அந்த 24. இது இந்த ஊர்க் கணக்கு, மில்லிமோல். திருச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போது 18-ஆல் பெருக்கிச் சொல்லுங்கள், ஊரில் சொல்லும் மில்லிகிராம் கணக்கில் 432 வரும், அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். ஆனால் பூனை விஷயத்தில் ஒரு தடவை எடுத்த இரத்தத்தை மட்டும் வைத்துச் சுகர் என்று முடிவு கட்டக்கூடாது. கூடையில் அடைத்து, காரில் ஏற்றி, நாய் குரைக்கிற இடத்தில் உட்கார வைத்தாலே பயத்தில் சில பூனைகளுக்குச் சர்க்கரை 16-ஐத் தாண்டும், வீட்டுக்கு வந்ததும் தானே இறங்கிவிடும். அதனால்தான் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்போம், ஃப்ரக்டோசமைன் என்று ஒரு டெஸ்ட் எடுப்போம், அது முந்தைய ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைக் காட்டும். குட்டிக்கு எடையும் இறங்கியிருக்கிறது, தாகமும் இருக்கிறது, நல்லாச் சாப்பிடுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அந்த இரண்டையும் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூடவே தைராய்டு, கிட்னி, பல், சிறுநீர்த் தொற்று இவற்றையும் பார்த்திருக்க வேண்டும். வயசான பூனைக்குத் தாகமும் இளைப்பும் வர தைராய்டும் கிட்னியும்கூடக் காரணமாகலாம், பல்லில் சீழோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் போடுகிற இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஏன் வந்தது என்று மனசைப் போட்டு உருட்டாதீர்கள். வயசான, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனை, வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவன், இவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். மனிதர்களின் இரண்டாம் வகைச் சுகரைப் போன்றதுதான். அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ சமீபத்தில் ஸ்டீராய்டு போட்டிருந்தால் மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதுவே இதைக் கிளப்பிவிடக்கூடும்.

இப்போது அத்தையின் இன்சுலின். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மவர் வீட்டில் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கேனின்சுலின் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்து. தென்னாப்பிரிக்காவில் மனிதர்களுக்குக் கிடைப்பது சாதாரணமாக 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு: 40-க்கு உள்ளதில் பொதுவாகச் சிவப்பு மூடி, 100-க்கு உள்ளதில் ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டு யூனிட் இல்லை, ஐந்து. ஒரு பூனையைக் கொல்ல அது போதும். மாற்றி, கேனின்சுலினை ஆரஞ்சு மூடியில் இரண்டு கோடு இழுத்தால் போவது 0.8 யூனிட்தான், ‘ஊசி போட்டும் குறையவே இல்லையே’ என்று மாதக்கணக்கில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். இதில் இன்னொரு கூத்து: இந்தியாவில் மனித இன்சுலினே 40 யூனிட் குப்பியில் பரவலாகக் கிடைக்கிறது, ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் குப்பியும் சிரிஞ்சுமாகக் கொண்டுவருவார்கள். ஒரு வீட்டில் அப்படி மூன்று வகை சிரிஞ்ச் ஒரே பிஸ்கட் டின்னுக்குள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே குட்டியின் மருந்துக்கு ஃபிரிட்ஜில் தனி டப்பா, அதன் சிரிஞ்சும் அதோடு ஒட்டிய மாதிரி தனிப் பையில், மேலே பெரிய எழுத்தில் ‘பூனை’ என்று எழுதி வையுங்கள். அத்தைக்குக் கண் மங்கல் என்றால் அவருடைய மருந்தை வேறு தட்டில் வைத்துவிடுங்கள், ஏனென்றால் தப்பு அந்தப் பக்கமும் நடக்கலாம். அத்தை போடுவது கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் என்றால், அதைப் பூனைக்கும் எழுதுகிற டாக்டர்கள் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன், ஆனால் அதற்குக் கணக்கு வேறு, சிரிஞ்ச் வேறு, மருந்தும் தனியாக வாங்கியதாக இருக்க வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள். அவருடைய மாத்திரைகளையும் தொடவேண்டாம்.

ஊசி போடுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. ஊசி முடி மாதிரி மெல்லிசு. குட்டி சாப்பாட்டுத் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போது, தோள்பட்டைக்குப் பின்னாலோ விலாப் பக்கமோ தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்குங்கள், அடியில் ஒரு பள்ளம் விழும், அதற்குள் நேராக விடுங்கள், அழுத்துங்கள், எடுங்கள். நிறையப் பூனைகள் மெல்லுவதைக்கூட நிறுத்தாது. புதுசாகப் போடுகிறவர்கள் செய்யும் ஒரே தப்பு, ஊசி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்து, மருந்து முடியில் கொட்டிவிடுவது. போட்ட இடத்தை விரலால் தடவி மோந்து பாருங்கள், இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி வாடை மாதிரி ஒன்று உண்டு, ஈரமும் வாடையும் இருந்தால் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப் போனால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இரண்டாவது ஊசி போடவே கூடாது, அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். கேனின்சுலின் பால் மாதிரி கலங்கலான மருந்து, அடியில் படிந்திருக்கும், இழுப்பதற்கு முன் லேபிளில் சொன்னபடி ஒன்றாகக் கலக்க வேண்டும், அதையும் மறக்கவேண்டாம்.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அத்தை வீட்டில் இருப்பதால் உங்கள் எல்லோருக்கும் ‘சுகர் ஏறிடக்கூடாது’ என்ற பயம் ஊறிப்போயிருக்கும். பூனையில் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறினால் நாள்கணக்கில் அவகாசம் இருக்கிறது, இறங்கினால் மணிக்கணக்குக்கூட இல்லை. நாள் முழுக்க ஏறத்தாழ 5-க்கும் 15-க்கும் நடுவில் இருந்தால் எனக்குப் போதும், மனிதருக்கு இதைக் கேட்டால் அத்தையின் டாக்டர் மயங்கி விழுவார். இங்கே வந்த புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு பெண் பூனை, ஒவ்வொரு தடவை வரும்போதும் 20-க்கு மேல் காட்டியது, நானும் ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று, நாலு யூனிட் என்று சில வாரத்திலேயே ஏற்றிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரம்மா அலறிக்கொண்டு போன் செய்தார்: வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது என்று. ராத்திரி முழுக்கக் குளுக்கோஸ் டிரிப் போட்டுப் பிழைக்க வைத்தோம். அந்த இருபதெல்லாம் என் மேஜையின் மேல் பயந்துபோய் ஏறிய இருபது. வீட்டில் அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. முதலுக்கே மோசம் பண்ணப் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் எடுத்த எண்ணைப் பார்க்காமல் நான் டோஸை ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் அரை யூனிட்டாக, ஒரு வாரமாவது விட்டுத்தான்.

இறங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? போதை ஏறினவன் மாதிரி தள்ளாடும், திடீரென்று அகோரப் பசி வரும், அல்லது மூலையில் போய் வெறித்துப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டால் திரும்பாது, முற்றினால் வலிப்பு. கேனின்சுலின் போட்டு ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் சர்க்கரை மிகத் தாழ்வாக இருக்கும், காலை ஆறுக்குப் போட்டால் பத்து மணி, அப்போது நீங்கள் இருவரும் ஆபீசில் இருப்பீர்கள். அதனால் அத்தைதான் உங்கள் காவல்காரர். பத்து மணிக்கு ஒரு தடவை ‘குட்டி’ என்று கூப்பிட்டு அவன் வருகிறானா என்று பார்த்தால் போதும், அவருக்கே தாழ்சர்க்கரை அனுபவம் இருந்தால் உங்களைவிட முன்னால் கண்டுபிடிப்பார். சமையலறையில் கோல்டன் சிரப் இருக்குமே, அதையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். வலிப்பு வந்திருக்கும்போது பல்லுக்கு நடுவே விரலை விடவும் வேண்டாம், கன்னத்து ஓரமாகத் தடவினால் போதும். தெளிந்ததும் சாப்பாடு வையுங்கள், உடனே டாக்டரிடம் கிளம்புங்கள், ஏனென்றால் உள்ளே போன இன்சுலின் இன்னும் தீரவில்லை, மறுபடி இறங்கும்.

இன்னொரு சின்ன ஏற்பாடு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம், பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. போட்டவர் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் கணவன் போட்டது தெரியாமல் மனைவியும் போட்டு வந்த பூனைகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். எழுதியிருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள், ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்பதும் கோயில் முகூர்த்தம் இல்லை, அரை மணி முன்பின் பரவாயில்லை. குட்டி சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டான் என்றால் முழு டோஸ் வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையின் மெஷின்? பயன்படுத்தலாம், ஒரு தெளிவோடு. மனித மெஷின் பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிராணிகளுக்கென்றே ஆல்ஃபாட்ராக் போன்ற மெஷின்கள் உண்டு, காசு இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எப்போதும் ஒரே மெஷின், டாக்டரிடமும் எது என்று சொல்லிவிடுங்கள். எதில் எடுத்தாலும் 4-க்குக் கீழே காட்டினால் ஊசி கிடையாது, சாப்பாடும் ஒரு போன் காலும்தான். இரத்தம் எடுக்கக் காது ஓரம்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் ஒரு நிமிஷம் வைத்தால் ஓரத்து இரத்தக் குழாய் தெரியும், பின்னால் பஞ்சை அண்டக் கொடுத்து அதற்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு குத்து, கடுகளவு இரத்தம் போதும். முதல் பத்து தடவை சொதப்பும். குட்டியைவிட உங்கள் கைதான் நடுங்கும். மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும், தொடர்ந்து சர்க்கரை காட்டும் லிப்ரே சென்சாரைப் பூனைக்கும் முடியை மழித்து ஒட்டுகிறோம், பதினாலு நாள் என்று போட்டிருக்கும், பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துவிடுவதுண்டு. ஆனாலும் டோஸ் சரிப்படுத்துகிற நாள்களில் அதில் கிடைக்கிற விவரம் தங்கம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பூனை மாமிசம் தின்னப் பிறந்தது, மாவுச்சத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு அதன் ஈரலில் குறைவு. பாக்கெட்டில் வரும் மொறுமொறு உணவை உருட்ட மாவு இல்லாமல் முடியாது, அதனால் டின்னில் அல்லது பையில் வரும் ஈர உணவு, மாவு குறைந்தது, புரதம் கூடியது, இதுதான் பத்தியம். பக்கத்து வீட்டு ஆயா வளர்த்த பூனை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அவன் சோற்றில் மீன் குழம்பு பிசைந்து தின்றே வளர்ந்திருப்பான், டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த் பூனைகளுக்கு அது ஜாதகத்திலேயே இருக்கிறது. நிறுத்துங்கள். சோறு மட்டும் பிரச்சினை இல்லை, குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தக்காளிச் சாற்றில் வரும் டின் மீன் எப்போதாவது ஒரு துண்டு, கழுவி, சரி. அதுவே தினசரிச் சாப்பாடு ஆகக்கூடாது. பாலும் வேண்டாம். ஆனால் கவனம்: உணவை மாற்றினாலே சர்க்கரை இறங்கும், பழைய டோஸ் திடீரென்று அதிகமாகிவிடும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குண்டாக இருந்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறிச் செத்துப்போகும். கிட்னியும் கெட்டிருந்தால் பத்தியம் மாறும்.

மருந்து 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், உறைந்துவிடாமல். லோட்ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தினால் கதவைத் திறக்காமல் இருங்கள், சில மணி நேரம் தாங்கும். டர்பன் வெயிலில் காருக்குள் மறந்துவிட்ட குப்பியைத் தூக்கி எறியுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவது அப்படி இல்லை. சில பூனைகளுக்குச் சில மாதத்தில் ஊசியே தேவைப்படாமல் போய்விடும். சீக்கிரம் ஆரம்பித்து, உணவையும் மாற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் வாய்ப்பு கூடும், ஆனால் எத்தனை பேருக்கு என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு எண் வேறு, குட்டிக்கு நடக்குமா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நடந்தாலும் திரும்பி வரலாம். வாயில் கொடுக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன: அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். கேட்க ஆசையாக இருக்கும். இவை இதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கு மட்டும், அதிலும் சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகிப் படுத்துவிடுகிற அபாயம் உண்டு. இன்னும் முதல் ஊசி போடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். டோஸ் ஏற ஏறச் சர்க்கரை அசையவே இல்லை, முகமும் பாதமும் பெரிசாகிறது என்றால் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் கட்டி இருக்கலாம். அபூர்வம் என்றுதான் நாங்கள் படித்தோம், ஆனால் 2015-இல் பிரிட்டனில் சுகர் உள்ள 1221 பூனைகளைச் சோதித்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அந்த அறிகுறி இரத்தத்தில் இருந்தது. மற்ற ஊர்களிலும் இதே கணக்கா என்பது வேறு விஷயம். பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், அத்தையே சொல்லலாம். வேண்டாம், பூனையைச் சாப்பிடவிடாமல் செய்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து முயல் மாதிரி நடக்கிறான் என்றீர்களே, அது நரம்பு பாதித்ததால். சர்க்கரை அடங்கினால் மாதக்கணக்கில் மெல்லத் தேறும், முழுசாகத் தேறாமலும் போகலாம். வாரம் ஒரு முறை எடை போடுங்கள், தினமும் எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள், எவ்வளவு மிச்சம் என்று அளவுக் கோப்பையில் பாருங்கள். எந்த மெஷினையும்விட எனக்கு இந்த இரண்டு எண்ணும் அதிகம் சொல்லும். சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, சுருண்டு படுத்து, மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். பணமோ நேரமோ கட்டுப்படியாகவில்லை, பூனைக்கு வேறு நோயும் சேர்ந்திருக்கிறது என்று அந்த முடிவை எடுப்பவர்களை நான் குறை சொன்னதில்லை, கூடவே நின்றிருக்கிறேன். ஆனால் ‘ஊசி கொடுமை’ என்ற காரணத்துக்காக என்றால் அது தப்பான காரணம். அவரை ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள், முதல் ஊசியை அவரையே போடச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் எடை நின்று, தாகம் குறைந்து, அவன் பழையபடி ஜன்னலில் ஏற ஆரம்பித்தால் அவரே பேச்சை மாற்றிவிடுவார். செலவில் மருந்தைவிட அடிக்கடி ஆஸ்பத்திரியில் எடுக்கும் டெஸ்ட்தான் கடிக்கும், வீட்டில் காது குத்தக் கற்றுக்கொண்டால் அதில் பாதியாவது மிச்சமாகும்.

டிசம்பருக்கு இப்போதே ஆள் தேடுங்கள். இந்த நாட்டுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒண்டர்ஸ்டெபோர்ட் ஒன்றுதான், டாக்டர்கள் எல்லா இடத்திலும் பற்றாக்குறை, விடுமுறையில் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே விட்டுச் செல்லலாம், ஆனால் பயத்தில் சர்க்கரை ஏறுகிற ஜாதி என்றால் வீட்டிலேயே இருப்பது மேல். உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் யாராவது வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போவார்களா என்று கேளுங்கள், நிறையப் பேர் விடுமுறைக் காசுக்காகச் செய்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் நவம்பரிலேயே வரச் சொல்லி, சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து ஆரஞ்சுப் பழத்தில் இருபது தடவை குத்தவிடுங்கள், அப்புறம் ஒரு வாரம் உங்கள் கண்முன்னாலேயே குட்டிக்குப் போடட்டும். ஃபிரிட்ஜ் கதவுக் காகிதத்தைப் போட்டோ எடுத்து இரண்டு வேளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், கோல்டன் சிரப் டப்பா எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிட்டுப் போங்கள்.